குண்டு பட்ட ஜாக்கெட்டுகள்

டுமீல்.

தையல் ஹாலில் நாற்பது மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பெண்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

ஆக்னஸ் எழுந்திருக்கவில்லை. செக்கிங் டேபிளில் ஒரு காலரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

கம்பெனியின் பின்பக்கக் காலி இடத்தில், அளவு பார்க்கும் துணிப் பொம்மை ஒன்று தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றது. இருபதடி தள்ளி வாஹித் பாஷா, கையில் துப்பாக்கியோடு. பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கியவர். முதலாளிக்கு தோஸ்த்.

"ஒண்ணு காலி," என்றார். "இன்னும் பதினொண்ணு. போலீஸ் வந்தா பட்டாசுன்னு சொல்லிடுங்க."

ஆம்பூர் அதுவரை பார்த்திராத ஆர்டர் அது. வெளிநாட்டில் எடுக்கிற சண்டைப் படத்துக்கு அறுபது ஜாக்கெட்.

கதையை மேனேஜர் ரஃபி அகமது ஏற்கெனவே ஹாலில் சொல்லியிருந்தார். உலகப் போர் நடக்கிறது. ஒரு பூட்டுத் திருடன், ஒரு சமையல்காரன், ஒரு சூதாடி, பட்டாளத்திலிருந்து துரத்தப்பட்ட இரண்டு பேர். இந்த ஐந்து உதவாக்கரைகளைக் கமாண்டோவாக்கி எதிரியின் கப்பலை மூழ்கடிக்க அனுப்புகிறார்கள்.

"செம ஸ்டைலு. தலை கலையாம சண்டை போடுவானுங்க. குண்டு பட்டாலும் ஜோக்கடிச்சிக்கினேதான் சாவானுங்க. படம் முச்சூடும் சிரிப்புதான்."

அறுபதில் சில புதுசு. சிலவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கினார்கள். சிலவற்றைத் தீயில் காட்டிக் கருக்கினார்கள். கடைசிப் பன்னிரண்டும் குண்டு பட்டவை. மார்பில் புகுந்து முதுகில் வெளியேறியிருக்க வேண்டும். நிஜம்போலவே இருக்க வேண்டும் என்ற வரிக்கு ஃபேக்ஸில் இரண்டு அடிக்கோடு போட்டிருந்தது.

டுமீல்.

இந்த முறை பாதி மெஷின்கள்தான் நின்றன. மூன்றாவது சத்தத்துக்கு யாரும் நிமிரவில்லை.

"இன்னாக்கா, மொத வெடிக்கே அசையல நீ? காதுல பஞ்சு வெச்சிக்கினு வந்தியா?" என்றாள் பக்கத்து மெஷின் பில்கிஸ்.

ஆக்னஸ் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கினாள். பில்கிஸும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால், மகள் ஹெப்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து வந்தவள் ஆக்னஸ். புருஷன் தவறிவிட்டான் என்பதற்கு மேல் ஹாலில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் சிரித்தும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. ஆனால் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸும் கேட்டைத் தாண்டாது.

கழிவுநீர் வழக்கில் கோர்ட் போட்ட உத்தரவால், ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகள் பாதி மூடிக் கிடந்த வருடம் அது. இந்தக் கம்பெனியிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அறுபதும் நான்கு மணி லாரியில் சென்னைக்குப் போய்விட்டால் அடுத்து ஐந்நூறு ஜாக்கெட் வரும் என்று பேச்சு.

மூன்றரைக்குக் குண்டு பட்ட பன்னிரண்டும் அவள் டேபிளுக்கு வந்தன.

பார்த்தாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டாள். முதுகில், ஓட்டைக்குப் பக்கத்தில், சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். தோலில் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டுகிற அம்பு. பன்னிரண்டுக்கும் ஒட்டி, ரிஜெக்ட் கூடையில் போட்டாள்.

முதலில் பார்த்தது பில்கிஸ்தான். வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த மெஷினைத் தட்டினாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

"மாட்ட உண்ணி கடிச்ச அடையாளத்தையே வுடாத கை. துப்பாக்கிக் குண்ட மட்டும் வுட்டுடுமா?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

ரஃபி அகமதுவும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். "ஆக்னஸ்ம்மா, இது டேமேஜ் இல்ல. ஓட்டைதான் ஆர்டரே."

"தெரியும் சார்."

சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சேவா ஒட்டுன?"

"ஆமா சார்."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரஃபி அகமது கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. இது இன்னிக்கு போவலன்னா ஆர்டர் கேன்சல். திங்கக்கிழமை ஹால்ல பாதிப் பேருக்கு வேலை கெடையாது, மொத ஆளு நீதான். கையெழுத்து போடு. முடியலன்னா டேபிள பில்கிஸ் கையில குடுத்துட்டுக் கெளம்பு."

பில்கிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மெஷினும் ஓடவில்லை.

ஆக்னஸ் கூடையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள். முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி அவர் முன்னால் விரித்தாள். பொம்மையைத் துளைத்துப் போன குண்டு அங்கே பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தது. மார்பில் இருந்த அதே அளவு.

அவள் பேசியபோது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தையல் விட்டுப்போன இடத்தைக் காட்டும்போது பேசுகிற அதே குரல்.

"முன்னாடி ஓட்டை சரியாத்தான் கீது சார். முதுகுலதான் தப்பு. எங்க வீட்டுக்காரரு சட்டை மிலிட்டரிலேர்ந்து பொட்டில வந்தப்ப, முன்னாடி ஓட்டைக்குள்ள சுண்டு விரல்தான் போச்சு, பின்னாடி ஓட்டைக்குள்ள என் கை முழுசாப் போச்சு."