மிதக்காத மிளகு

காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரி சுரேந்தருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. இணையக் கலைக்களஞ்சியத்தில் வரும் கட்டுரைகளைப் படித்துத் தரம் போடுவார். ஆதாரமில்லாத வரி ஒன்று கண்ணில் பட்டால் போதும், கட்டுரை கடைசித் தரத்துக்குப் போய்விடும்.

அன்று மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து வித்யாஸ்ரீ மிளகு மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சுரேந்தர் ஒரு பிடி அள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். ஏழெட்டு மிளகு மிதந்தது.

"உள்ள ஒண்ணுமில்லாத பொக்கு, கண்ணு. மூணாந்தரம். பாதி விலைதான்."

"எங்க மிளகு மிதக்காதுங்க."

"சும்மா சொன்னா ஆச்சா? ஆதாரம் இருக்குதா?"

"இருக்குதுங்க." அவள் செல்போனை நீட்டினாள். "கலைக்களஞ்சியத்துல நான் எழுதின கட்டுரைங்க. 'திருப்புலி நாட்டு மிளகு ஒன்றுகூடத் தண்ணீரில் மிதக்காது'ன்னு நாலாவது வரியில இருக்குது. போன வாரம் நீங்கதானுங்க முதல் தரம் குடுத்தீங்க."

சுரேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆதாரம் பாக்காம நான் தரம் குடுக்கமாட்டனே!"

"பாத்துத்தானுங்க குடுத்திருக்கறீங்க. 'ஆதாரம் முற்றிலும் நம்பத்தக்கது'ன்னு குறிப்பும் எழுதியிருக்கறீங்க."

வித்யாஸ்ரீ அடிக்குறிப்பைத் தொட்டாள். ஒரு படம் விரிந்தது. சுரேந்தர் கடை மிளகுப் பாக்கெட். அதன்மேல் கொட்டை எழுத்தில், 'அசல் திருப்புலி நாட்டு மிளகு. ஒன்றுகூட மிதக்காது!'

சுரேந்தர் படத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"தண்ணியில ஏதோ கோளாறு கண்ணு" என்று சொல்லி, அதை வாசலில் கொட்டினார்.