பனி உருகிய பேச்சு

"யார் வாயிலேருந்து உன் வாய்க்கு வந்துச்சு அது? சொல்லு!" எதிர்வீட்டுத் தாட்சாயணி கத்தியது, மூடிய கதவைத் தாண்டி எங்கள் மாடி முழுக்கக் கேட்டது.

நடந்தது இவ்வளவுதான். கணவன் சேதுபதி காப்பியை நீட்டி, "நீ சிரிச்சா எனக்குள்ள பனி உருகுது" என்றிருக்கிறான். யார் எது பேசினாலும் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் சுவர் எதிரொலிக் கருவி வழக்கம்போல மூலத்தைச் சொல்லிவிட்டது: ஐந்நூறு வருடப் பழைய ஆங்கில நாடகம், அதற்கும் இருநூறு வருடம் முந்தைய ஒரு கவிதை.

சேதுபதி ட்ரோன் ரிப்பேர் பார்ப்பவன். வியாசர்பாடிக்காரன் பனியைக் கண்டானா, நாடகத்தைப் படித்தானா?

"நாடகக்காரன் அந்தக் கவிதையைப் படிச்சுட்டு எடுத்தான். நீ யாருகிட்ட எடுத்தே? மேல்வீட்டு நடிகை ரோஸ்லின்கிட்டயா?"

"உன் கிளாஸ்லதான் தாச்சு, சத்தியமா! அடுப்படியில நின்னா எல்லாம் காதுல விழுதே!"

உண்மைதான். தாட்சாயணி வீட்டிலிருந்தபடியே கல்லூரிக்கு ஆங்கில நாடகம் நடத்துகிறாள். அந்தக் குரலுக்குச் சுவர் ஒரு தடையா? எனக்கே பாதி மனப்பாடம். அவளிடமே போய் அதைச் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் இவன்தான் சொல்லிக் குடுத்தானாக்கா?"

ரோஸ்லின் அந்த மாதமே திருச்சிக்குக் குடிபோய்விட்டாள். சேதுபதி விவாகரத்துக் கொடுத்துவிட்டு அம்பத்தூர் போனான். தாட்சாயணி ஒரு வங்கி அதிகாரியை மணந்துகொண்டாள். அவர் பேச்சில் கருவிக்கு ஒரு மூலமும் அகப்படவில்லையாம். அகப்படாதுதான். "வரேன்", "சாப்பாடு ஆச்சா", "ஃபேனைப் போடு" தவிர அவர் எதுவும் பேசி நாங்கள் கேட்டதில்லை.