அந்த டிரம்ஸ்காரன்

பிசியோதெரபி பெண் பாட்டைப் போட்டதுமே என் கணவர் "சே" என்றார்.

பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிச்சமிருக்கும் சொல் அது ஒன்றுதான். பசித்தாலும் சே, டாக்டர் வந்தாலும் சே. ஆனால் இது அசல் சே. ஆறு வாரத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது.

"தாளம் சீரா இருக்கு சார். அதப் பிடிச்சுக்கிட்டே அடி எடுத்து வைங்க" என்றாள் அந்தப் பெண்.

எங்கிருந்தோ தேடி அந்தப் பாட்டைத் தன் போனில் வைத்திருந்தாள். அதில் சாக்ஸபோன் ஊதியவர்தான் இரண்டு கம்பிகளுக்கு நடுவே, ஒரு கையால் பிடித்துக்கொண்டு தள்ளாடி நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

நானும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு இந்தப் பாட்டு வந்த ஆல்பத்தில் போய் நிற்கும். நாற்பத்தோரு வருடமாக அங்கேதான் போய் நிற்கிறது.

ஐந்து ஆல்பங்கள் வரை ஜாஸ் ஃப்யூஷன் வாசித்த குழு அவருடையது. ஏழரை, பதினொன்று என்று தாளக் கணக்குப் போட்டு வாசிப்பார்கள். கேட்பவர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். ஆறாவது ஆல்பத்தில் நேராக நாலே எண்ணிக்கை, டிஸ்கோ. ஜனங்கள் ஒரு தடவையாவது எழுந்து ஆடட்டுமே என்று குழுவில் ஒருவருக்கு ஆசை.

ஜனங்கள் எழுந்தார்கள். எழுந்து போய்க் கடிதம் எழுதினார்கள்.

இது இசையா, தையல் மெஷினா என்று கேட்டார் ஒரு வாத்தியார். இன்னொருவர் இசைத்தட்டை இரண்டாக உடைத்து, உடையாமல் போய்ச் சேரட்டும் என்று பஞ்சு சுற்றி அனுப்பியிருந்தார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் குறடு இருக்கும்போதே டாக்டர் கேட்டார், ஏன் சார் அப்படிப் பண்ணினீங்க என்று. எங்கள் சம்பந்தி முதல் சந்திப்பிலேயே, தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பித்து, தப்பாக நினைக்கும்படி அரை மணி நேரம் பேசினார்.

எல்லோரும் கடைசியில் ஒரே ஆளிடம்தான் வந்து நிற்பார்கள். சாக்ஸபோன் பிரமாதம், கீபோர்டு பிரமாதம், அந்த டிரம்ஸ்காரன்தான் கெடுத்துவிட்டான்.

என் கணவர், "அது இசைத்தட்டுக் கம்பெனி அனுப்பின ஆள்" என்பார். நான் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இங்கேயுமா?

இங்கேயும்தான். முழங்கால் மாற்றிய அக்கா ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே புது முழங்காலை ஆட்டிக்கொண்டு, "நல்லாருக்கே, சத்தம் கூட்டு" என்றாள். முதுகு பிடித்துக்கொண்ட தபால்காரர் ஒருவர் முதுகில் ஒத்தடத்தோடு குப்புறப் படுத்திருந்தார். அவர் தலையைத் திருப்பினார். பழைய ரசிகராம். ஐந்து ஆல்பத்தின் பெயரையும் ஒப்பித்தார்.

"இதோட முடிஞ்சுதுங்க அவங்க கதை. எவனோ ஒரு டிரம்ஸ்காரன், கடிகாரத்த முழுங்கினவன், மொத்தத்தையும் குட்டிச்சுவராக்கிட்டான்" என்றவர், வேகத்தில் புரண்டு "அம்மாடி!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தவர் வலியில் சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.

அதற்குள் என் கணவர் நடந்துகொண்டிருந்தார்.

தும், தும், தும், தும். இத்தனை நாளும் சாக்கு மூட்டை மாதிரி இழுபட்ட வலது கால் இரண்டாவது தும்முக்குத் தரையைத் தொட்டது. நான்காவதுக்கும் தொட்டது. கம்பியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினார். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தபால்காரரை முறைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"பாத்தீங்களா சார்! ஒரு அடிகூடப் பிசகலை" என்று அந்தப் பெண் கை தட்டினாள். "யாருங்க இந்த டிரம்ஸ்? ஆளா, மெஷினா?"

"ஆள்தான்" என்றார் தபால்காரர். "கம்பெனி அனுப்பின ஆளாம். அப்பவே பத்திரிகைல போட்டிருந்தான்."

"சே!" என்றார் என் கணவர்.

கம்பியிலிருந்து கையை எடுத்தார். "ஐயோ சார்" என்று அந்தப் பெண் பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். அவர் ஆடி, நிலைத்து, அந்தக் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இன்னும் நாலே அடி. அப்புறம் அம்மா பக்கத்துல போய் உக்காந்துக்கலாம், சரியா?"

"சே." தலையை ஆட்டினார். மறுபடியும் என்னையே காட்டினார். பிறகு அந்த விரலால் காற்றில் நாலு தட்டு தட்டினார்.

"தண்ணி கேக்கறாரு போல" என்றாள் முழங்கால் அக்கா.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வாய் நன்றாக இருந்த காலமெல்லாம் வேறு கதை சொன்ன மனிதர். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று நானும் கேட்டதில்லை. இப்போது ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மூன்று பேருக்குப் புரியவைக்கப் பார்க்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை.

எழுந்து போய் அவருடைய மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மறுபடி முதல்லேருந்து போடும்மா" என்றேன். "சாக்ஸபோன் முடியற இடத்துல மட்டும் அவர இறுக்கமாப் பிடிச்சுக்கோ. அங்க நான் டிரம்ஸ்ல கொஞ்சம் ஓடியிருப்பேன்."