புகார்ப் பொத்தான்

தொழிலாளர் இணையப் பக்கத்தில் ‘புகார்’ என்றொரு பொத்தான் இருக்க வேண்டும், ஆனால் அமுக்கினால் ஒன்றும் நடக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தை உருவாக்கும் பெண்ணிடம் சொன்னார் ஆலை மேலாளர்.

“கழுதைங்க கத்திட்டுப் போகட்டும்மா. அஞ்சு மணிக்குள்ள முடிக்கலன்னா உன் சீட்டு கிழிஞ்சிரும்.”

இதெல்லாம் ஒரு மனுஷ ஜென்மம் என்று மனத்துக்குள் காறித் துப்பிவிட்டு, அமுக்கியதும் பொத்தானை வேலை செய்யவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வரியை அவள் அழித்தாள். சோதித்துப் பார்க்க ஒருமுறை அமுக்கினாள். மேலாளர் தன் அறைக் கதவைத் திறந்தார்.

“யாரும்மா தட்டினது?”

“யாருமில்லையே சார்.”

மறுபடி அமுக்கினாள். மறுபடி திறந்தார்.

“விளையாடுறியா?”

“நான் எழுந்திரிக்கவே இல்ல சார்.”

ஐந்து மணிக்குப் பக்கத்தை இணையத்தில் ஏற்றினாள். வேலை முடிந்த முந்நூறு பேரும் கைப்பேசியை எடுத்தார்கள். அவள் கிளம்பும்போது கதவு விரியத் திறந்திருந்தது. மேலாளர் வெறும் வாசலைப் பார்த்து, “ஒவ்வொருத்தரா வாங்கய்யா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.