மாத்திரை டாக்டர்

“ரத்தத்துல மருந்து இருக்கவேண்டிய அளவுல பாதிகூட இல்லக்கா. உங்க தம்பி மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல.”

கிட்னி டாக்டரம்மா சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள்.

“இவனா? விளையாடாதம்மா. ஆஸ்பத்திரியில இவனுக்கு என்ன பேருன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன? டாக்டரம்மாவும் தம்பியும் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது வேலையும் ஒரே ஆஸ்பத்திரியில். தம்பி கிட்னி மாற்று ஆபரேஷன் செய்கிற சர்ஜன். நோயாளிகள் வைத்த பேர் ‘மாத்திரை டாக்டர்’. ஒரு வேளை விட்டுப்போச்சு என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், வார்டே அதிரும்.

“உனக்காக ஒருத்தர் வயித்தைக் கிழிச்சுக் கிட்னி கொடுத்திருக்காங்க. உன்னால ஒரு மாத்திரை முழுங்க முடியாதா?” என்று கத்துவார்.

அவருக்காகக் கிழித்துக்கொண்டவள் இந்த அக்கா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “சோதனைக்கு வர்ற வாரம் மட்டும் ஒழுங்கா போட்டிருக்கான். இந்தத் தடவை சொல்லாம கொள்ளாம ரத்தம் எடுத்தேன், மாட்டிக்கிட்டான். கிட்னியிலேருந்து துளி சதை எடுத்தும் பார்த்தாச்சு. பாதிக்கு மேல தழும்பு.”

“தழும்புதானே? மருந்து கொடுத்தா ஆறிடும்ல?”

“ஆறி மிஞ்சினதுதான்க்கா தழும்பு. அந்த இடம் இனிமே வேலை செய்யாது. மருந்து குறையறப்பல்லாம் உடம்பு இதை வேத்தாள்னு கண்டுபிடிச்சு அடிச்சிருக்கு. வெளியே வலிகூடத் தெரியாது. மிச்சத்தையாவது காப்பாத்தணும்னா இனி ஒரு வேளைகூட விடக் கூடாது.”

அக்கா திரும்பினாள். தம்பியைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய்... மறந்துட்டியா?”

“இல்லக்கா.”

“அப்போ தெரிஞ்சேவா விட்ட?”

“ஆமா.”

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“வேணாம் வேணாம்னு உங்க மாமா தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. சண்டை போட்டுக்கிட்டு வந்து கொடுத்தேன்டா! ஊரான் பிள்ளையெல்லாம் திட்டித் திட்டி முழுங்க வெச்சியே, என்னோடது மட்டும் உனக்குக் கிள்ளுக்கீரையா?”



டாக்டரம்மாவுக்கே தாங்கவில்லை. “மாத்திரை ஒத்துக்கலைன்னு என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா? அளவைக் குறைச்சுப் பார்த்திருப்பேன். வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன்.”

“மாத்தியிருப்ப. அது சரியாகற வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வராதேன்னும் சொல்லியிருப்ப.”



“மாத்திரை போடறதுக்கும் தியேட்டருக்கும் என்னடா சம்பந்தம்?” அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவர் வலது கையை மேஜைமேல் நீட்டினார்.

ஐந்து விரலும் படபடவென்று நடுங்கின. இடது கையால் அழுத்திப் பிடித்தார். அதுவும் சேர்ந்து நடுங்கியது.

“மாட்டிக்கிட்டதுலேருந்து மாத்திரையை ஒழுங்கா போடறேன்க்கா. போட்டா இப்படி ஆகுது. அதனாலதான் ஆபரேஷன் வருதுன்னா முன்னாடியே மாத்திரையை நிறுத்திடுவேன், கை நடுக்கம் நின்னுடும். இந்த ஆஸ்பத்திரியில கிட்னி மாத்தறதுக்கு என்னை விட்டா வேற ஆள் கிடையாது.”

அக்கா அந்தக் கையையே வெறித்துப் பார்த்தாள்.

“வெளியே பெஞ்சுல ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கா, பார்த்தியா? வீட்டுல அத்தனை பேரையும் பகைச்சுக்கிட்டு, நாளைக்குத் தன் தம்பிக்குக் கொடுக்கப்போறா. இந்தக் கையை வெச்சுக்கிட்டு அவ கிட்னியை நான் எப்படிக்கா தைக்கிறது?”