இழுவை

மூன்றாவது முறையும் சங்கிலி விறைத்தது. டிராக்டர் முக்கியது. நின்றுவிட்டது.

புகை வரவில்லை. வசந்தகுமார் அதைத்தான் முதலில் கவனித்தான். கறும்புகை கக்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். புகையே இல்லாமல் மூச்சடங்கினால், டீசல் போய்ச் சேரவில்லை.

சும்மா ஓடும்போது அந்த நாற்பது வயது வண்டி நன்றாகத்தான் ஓடியது. சுமை ஏறினால்தான் படுத்துக்கொண்டது. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கும். உள்ளே காற்று போகாவிட்டால் டீசல் வெளியே வராது. ஒரு ஊசி போதும், இரண்டு நிமிட வேலை.

அவன் டூல் பாக்ஸைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்ற ஆரம்பித்தான்.

போசரியில் அந்தச் சந்துக்குள் வீடு இடிக்கும் ஜேசிபி நுழையாது. அதனால் பில்டரின் கான்ட்ராக்டர் இந்தப் பழைய டிராக்டரைக் கொண்டுவந்திருந்தான். வண்டி மக்கர் செய்ததும், மெயின் ரோட்டில் கடை வைத்திருந்த டீசல் மெக்கானிக்கைக் கூட்டிவர ஆள் அனுப்பினான்.

சங்கிலியின் மறுமுனை அந்த மெக்கானிக் வசந்தகுமாரின் வீட்டு வாசல் நிலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறது என்பது கான்ட்ராக்டருக்குத் தெரியாது. சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவன் மனைவி வனஜா விடிந்ததுமே சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். இடிக்கத் தடை போட்டு ஸ்டே வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பேப்பரைக் காட்டினால் நிறுத்துகிறோம், பேச்சுக்கெல்லாம் நிறுத்த முடியாது என்று காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர் கைவிரித்துவிட்டார். சுவர் விழுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் வசந்தகுமார் கடையில் போய் உட்கார்ந்திருந்தான். கூப்பிட வந்தவன் வண்டி நின்றுபோன விஷயத்தைச் சொன்னதும் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"ஏங்க, ஜட்ஜ் கையெழுத்துப் போட்டுட்டாரு. காப்பி வாங்கிட்டு இப்பதான் ஆட்டோ ஏறுறேன். முக்கா மணி நேரம் எப்படியாவது நிறுத்தி வைங்க."

"ம்" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

முடியாது என்றால் மோஷியிலிருந்து வேறு டிராக்டர் வந்துவிடும். கான்ட்ராக்டர் அதை இரண்டு தடவை சொல்லிவிட்டான். சரிசெய்துவிட்டால் இப்போதே வீடு போகும். சரியாகிக்கொண்டே இருக்க வேண்டும், சரியாகிவிடக் கூடாது.

ஏர் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசினான். புது ஆயில் ஊற்றினான். பதினைந்து நிமிடம் போனது. டீசல் ஃபில்டரைத் திறந்தான். வேண்டுமென்றே ஒரு போல்ட்டைக் கீழே நழுவவிட்டு, சக்கரத்துக்கு அடியில் தேடினான்.

"அபே, கித்னா டைம்?" இன்னும் எவ்வளவு நேரமடா என்று கான்ட்ராக்டர் இந்தியில் கத்தினான். ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்றான்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தான். ஒல்லியான ஆள். காலையிலிருந்து "ஹாங் சாப்", சரி சார், என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

இத்தனை நேரம் சும்மா நின்றதில் டேங்குக்குள் கொஞ்சம் காற்று கசிந்து புகுந்திருக்க வேண்டும். இந்த முறை வண்டி இழுத்தது. நன்றாகவே இழுத்தது. நிலை முனகியது. ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு கோடு கிளம்பி மேலே ஓடியது. உள்ளே பரணிலிருந்து ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது.



எஞ்சின் திணறியது. நின்றது.

"டேங்க் மூடியைப் பார்த்தாயா?" என்று இந்தியில் கேட்டபடி கான்ட்ராக்டர் நேராக வண்டியை நோக்கி வந்தான். அவனுக்கும் வண்டி வேலை தெரிந்திருந்தது.

வசந்தகுமார் முந்திக்கொண்டு ஏறினான். மூடியைத் திருகியதும் டேங்க் 'உஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சத் தொடங்கியது. அந்த ஒரு சத்தம் போதும், துளை அடைத்திருப்பது கான்ட்ராக்டருக்குப் புரிந்துவிடும்.

அதே நொடியில் டிரைவர் ஸ்டார்ட்டரை அழுத்தினான். கர்ர்ர் என்ற இரைச்சலில் எல்லாம் அமுங்கிப்போனது.

மூடியின் துளையை விரலால் தடவினான் வசந்தகுமார். அடைத்திருந்தது தூசியும் இல்லை, துருவும் இல்லை. சோப்பு. துணி துவைக்கும் நீல சோப்பு. இன்னும் ஈரம் காயவில்லை.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூடியை அப்படியே இறுக்கினான். மூடியில் கோளாறு இல்லை, பம்ப்தான் என்று சொல்லிவிட்டுக் கீழே குதித்தான். அடுத்த பத்து நிமிடம் பம்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கான்ட்ராக்டர் மோஷிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது சந்து முனையில் ஆட்டோ வந்து நின்றது. வனஜா பேப்பரைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

போலீஸ்காரர் இரண்டு முறை படித்தார். சங்கிலியை அவிழ்க்கச் சொன்னார்.

கான்ட்ராக்டர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பைக்கில் ஏறிப் போனான். வனஜா விரிசல் விட்ட சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

டிரைவர் சங்கிலியைச் சுருட்டி வண்டியில் போட்டான். வசந்தகுமார் பம்பின் போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கிவிட்டு அவனருகில் போனான். ஒரு ஊசியை நீட்டி, சோப்பை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வழியில் நின்றுவிடும் என்று இந்தியில் தணிந்த குரலில் சொன்னான்.

டிரைவர் ஊசியை வாங்கிக்கொண்டான். பதில் தமிழில் வந்தது, தட்டுத் தடுமாறி.

"போன மாசம் ஆகுர்டியில என் வீட்டை நானேதான் இழுத்துச் சாய்ச்சேன், அண்ணே. அன்னிக்கு வண்டி நல்லா இழுத்துச்சு."