மூடியின் மேல் ஒரு கோலம்

அணுக்கழிவைப் புதைத்த குழிக்குக் கடைசி மூடி போட்டு, சிமென்ட் காய்ந்த அன்று பூஜை வைத்தோம். “இனி ஆயிரம் வருஷத்துக்கு உள்ளேருந்து ஒரு தூசி வெளிய வராது” என்றார் பொறியாளர் தேவசகாயம். கூட்டிப் பெருக்கும் செண்பகவல்லி, புது வீட்டு வாசல் என்று நினைத்தாளோ என்னவோ, மூடி முழுக்கப் பச்சரிசி மாவில் தாமரைக் கோலம் போட்டாள். பிறகு வேப்பமரத்தடியில் சர்க்கரைப் பொங்கல். தேவசகாயத்தின் இலையில் எறும்புகள் கிடந்தன. அவர் தயங்கினார்.

“சும்மா சாப்பிடுங்க சார். எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்” என்றாள் செண்பகவல்லி.

சிரித்தபடி விழுங்கினார்.

கை கழுவித் திரும்பியபோது கோலம் நகர்ந்துகொண்டிருந்தது. இதழ் இதழாக அவிழ்ந்து, ஒற்றை வெள்ளை நூலாகி, வெயிலில் மிதப்பதுபோல் மூடியின் நடுவுக்குப் போய், வழுவழுப்பான சிமென்டுக்குள் இறங்கி மறைந்தது.

“எறும்புக்குத்தான சார் போட்டது, எடுத்துட்டுப் போகட்டும்” என்றாள் செண்பகவல்லி.

அதே இடத்திலிருந்து இன்னொரு வரிசை மேலே வந்துகொண்டிருந்தது. அவற்றின் வாயில் மாவு இல்லை. எங்கள் கால்களுக்கிடையே புகுந்து, வேப்பமரத்தடிப் பொங்கல் அண்டாவை நோக்கி அவை பழகிய வழியில் நடந்தன. தேவசகாயம் மூடியின் மேல் மண்டியிட்டுக் குனிந்தார். மயிரிழை போன்ற ஒரு விரிசல் இப்போது அவர் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.